லெவுக்கா: மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு பழைய தலைநகர்

பிஜித் தீவுகள் என்றதும் தமிழர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது கரும்புத் தோட்டம். அத்தோட்டங்களில் துயருற்ற பெண்களை எண்ணிப் பாரதியார் பாடிய பாட்டைத் தமிழ்ப் பள்ளியில் பயின்றவர் எவரும் அறிவர். ஆனால் அக்கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்த முதற்கப்பல் எந்தத் துறையில் நங்கூரம் பாய்ச்சியது என்று வினவினால், விடை கூறுவோர் நம்மிடையே மிகச் சிலரே. அத்துறையின் பெயர் லெவுக்கா. அங்கே கரும்புத் தோட்டம் இல்லை. சர்க்கரை ஆலையும் இல்லை. ஒரு கடற்கரைத் தெரு, அதன் பின்னே செங்குத்தான மலை, முன்னே பவளப் பாறைகள் அரண் செய்த கடல், இவ்வளவே அவ்வூர். எனினும், 1871-ஆம் ஆண்டு முதல் 1882-ஆம் ஆண்டு வரை, பதினோர் ஆண்டுக் காலத்தில், பிஜியின் பிற்கால வாழ்வை உறுதி செய்த நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை இச்சிற்றூரிலேயே நடந்தன.

லெவுக்கா, ஒவலாவு என்னும் தீவின் கீழ்க்கரையில் உள்ளது. ஒவலாவு ஏறக்குறைய நூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு, அவிந்துபோன எரிமலை. அதன் உயர்ந்த சிகரம் 626 மீட்டர். பிஜியின் இன்றைய தலைநகரான சுவாவிலிருந்து வடகிழக்கே அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெருந்தீவாகிய விதி லெவுவில் நத்தோவி என்னும் படகுத்துறை வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து கப்பலேறி ஒவலாவின் மேற்குக் கரையை அடைந்து, பின்னர்த் தீவைச் சுற்றி வரும் சாலையில் ஊர் சேர்வது வழக்கமான வழி. இந்த வழியில் செல்பவர்க்கு ஒரு நன்மை உண்டு. மலை எவ்வளவு அருகே வந்து கடலை நெருக்குகிறது என்பதைக் கண்ணால் கண்டுகொண்டே செல்லலாம். ஊரின் எழுச்சி, வீழ்ச்சி இரண்டிற்கும் அந்நெருக்கமே காரணம்.

வெள்ளையர் பிஜிக்கு வந்தது நாடு பிடிக்க அன்று, சந்தனக் கட்டைக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வனுவா லெவு தீவின் சந்தன மரங்களை ஒரு பத்தாண்டுக்குள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அடுத்து அவர்கள் கண்ணில் பட்டது கடலட்டை. சீனத்து விருந்துகளில் விரும்பி உண்ணப்படும் இப்பொருளைப் பிடித்து, அவித்து, உலர்த்தி, கப்பலேற்ற வேண்டும். அதற்கு நல்ல துறையும், விறகும், குடிநீரும், உதவி செய்யும் ஊர்த்தலைவனும் வேண்டும். இவை நான்கும் லெவுக்காவில் கிடைத்தன. 1820-களில், நான்டக்கெட் என்னும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைத் தீவைச் சேர்ந்த டேவிட் விப்பி என்ற கப்பலோட்டி அங்கே கரையேறித் தங்கினார். லெவுக்காத் தலைவனின் நட்பைப் பெற்றார். பிஜியப் பெண்களை மணந்தார். அந்நாட்டு மொழியைக் கற்றார். அக்காலத்தில் வலிமை மிக்கிருந்த பாவ் அரசின் தூதர் என்ற பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டது. அவரைச் சுற்றி வந்து குடியேறிய கப்பலோட்டிகள், தச்சர்கள், தப்பி வந்தவர்கள் ஆகியோரால் ஆனதே லெவுக்கா. ஊரில் சட்டம் என ஒன்றும் இல்லாத நாளில் விப்பியின் நேர்மையே சட்டமாக இருந்தது என்று அங்குச் சென்ற கப்பல் தலைவர் பலர் எழுதி வைத்திருக்கின்றனர்.

கடற்கரையில் வாழ்ந்த இம்மக்களுக்கு ஓயாத அச்சம் ஒன்று இருந்தது. தீவின் நடுவே, எரிமலையின் பழைய வாய்க்குள், லோவோனி என்னும் ஊர் இருக்கிறது. லோவோனியர் மலைமக்கள், எவர்க்கும் அடங்காதவர்கள். 1841-இல் லெவுக்கா தீக்கிரையானது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்களே தீ வைத்தனர். அவர்களை ஏவியவர் பாவ் தலைவராகிய தக்கோம்பாவ் என்று வெள்ளையர் ஐயுற்றனர். 1844-இல் அதே தக்கோம்பாவின் சினத்துக்கு ஆளாகி அவர்கள் ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தது. வனுவா லெவுவின் கரையில் ஐந்து ஆண்டுகள் காய்ச்சலோடு போராடிய பின்னரே 1849-இல் திரும்பி வந்தனர். பின்னாளில் இதே தக்கோம்பாவை அவர்கள் அரசராக முடிசூட்டப் போகிறார்கள். வாணிகம் எவரையும் நண்பராக்கும் போலும்.

தக்கோம்பாவை வீழ்த்தியது போர்க்களம் அன்று. ஒரு கடன் கணக்கு. 1849-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், சுவாவுக்கு அருகிலுள்ள நுக்குலாவு என்ற சிறு தீவில் அமெரிக்கத் தூதர் ஜான் பிரௌன் வில்லியம்ஸ் தம் நாட்டு விடுதலை நாளைக் கொண்டாடினார். அன்று அவருடைய வீடு தீப்பற்றியது, பொருள்கள் சூறையாடப்பட்டன. அந்த இழப்பை ஈடு செய்யும் பொறுப்பு, அவ்விடத்துக்குத் தொடர்பே இல்லாத தக்கோம்பாவ் தலையில் சுமத்தப்பட்டது. ஆண்டுதோறும் கணக்கு வளர்ந்தது. மற்ற அமெரிக்கர்களின் கோரிக்கைகளும் சேர்ந்து 40,000 டாலருக்கு மேல் ஆயிற்று. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து மிரட்டின. 1868-இல் மெல்போர்ன் நகரத்தில் தோன்றிய பொலினீசியக் கம்பெனி, கடனைத் தான் தீர்ப்பதாகவும் அதற்கு ஈடாக 2,00,000 ஏக்கர் நிலம் வேண்டும் என்றும் கேட்டுப் பெற்றது. அந்நிலத்தில் ஒரு பகுதியே இன்றைய சுவா நகரம்.

இதே காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் உலகில் பஞ்சுக்குப் பஞ்சம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வெள்ளையர் பிஜிக்கு ஓடி வந்து பருத்தித் தோட்டங்கள் போட்டனர். 1870 அளவில் தீவுகளில் அவர்கள் தொகை ஏறத்தாழ 2,000 ஆயிற்று. லெவுக்காவின் கடற்கரைத் தெருவில் சாராயக் கடைகளும் தங்கு விடுதிகளும் வரிசையாக முளைத்தன. காலிப் புட்டிகள் மிதந்து வரும் வழியைக் கொண்டே கப்பல்கள் துறைமுகத்தைக் கண்டுகொள்ளும் என்று அந்நாளைய வேடிக்கைப் பேச்சு ஒன்று உண்டு. 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் இத்தெருவில்தான் பிஜி டைம்ஸ் என்ற செய்தித்தாள் பிறந்தது. பின்னர் அது சுவாவுக்குக் குடிபெயர்ந்து இன்றும் நடந்து வருகிறது.

பருத்தித் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! நியூ ஹெப்ரிடீஸ், சாலமன் முதலிய தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து விற்கும் தொழில் தலையெடுத்தது. சிலர் உடன்பட்டு வந்தனர். பலர் ஏமாற்றிப் பிடிக்கப்பட்டனர். 1871-இல் கார்ல் என்ற கப்பலின் அடித்தட்டில் பூட்டப்பட்டிருந்த தீவினர் கிளர்ந்தபோது, மேலிருந்து சுட்டு ஏறத்தாழ 70 பேரைக் கொன்று கடலில் எறிந்தனர். உயிரோடு இருந்த காயப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். இச்செய்தி வெளிப்பட்டு உலகம் நடுங்கிற்று. 1872-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தீவினரைக் காக்கச் சட்டம் இயற்றியது. அந்த ஆள் வாணிகத்தின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று லெவுக்கா என்பதை மறைப்பதற்கில்லை. இன்று அந்தத் தெருவின் வண்ணம் பூசிய மரக்கட்டடங்களைப் படமெடுப்போர் இதனையும் நினைவிற் கொள்வது நன்று.

1871-இல் தக்கோம்பாவை பிஜி அரசராக அறிவித்து, லெவுக்காவில் ஓர் அமைச்சரவையும் சட்டமன்றமும் அமைத்தனர். கடற்கரைத் தெருவின் வடகோடியில் நியுகாவுபே என்ற சிறு குன்று இருக்கிறது; அரசரின் நீதிமன்றமும் மன்ற மாளிகையும் நின்ற இடம் அதுவே. இன்று அங்கே போரில் மாண்டவர்க்கான நினைவுத்தூண் நிற்கிறது.

புதிய அரசின் முதல் வேலை லோவோனியரை அடக்குவது. மலைக்கோட்டையைப் போரிட்டுப் பிடிக்க இயலவில்லை. அதன்பின் நடந்ததை லோவோனி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சமாதானம் பேச ஒரு பாதிரியார் அனுப்பப்பட்டார். அவர் சொல்லை நம்பி மக்கள் கீழே இறங்கி வந்தனர். விருந்துக்கு அமர்ந்தவர்கள் சுற்றி வளைக்கப்பட்டனர். பிறகு நடந்தது வாய்மொழி மட்டும் அன்று, எழுத்திலும் பதிந்த வரலாறு. அரசு அவர்களை நாட்டின் பல பகுதிகளிலுள்ள தோட்டக்காரர்களுக்குத் தலைக்கு மூன்று பவுன் என்று விற்றது. குடும்பங்கள் பிரிந்தன. நிலமும் பறிமுதலாகி விலை போயிற்று. பிரிட்டிஷ் ஆட்சி ஏற்பட்ட பின்னரே எஞ்சியவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. சொந்த நாட்டு அரசு, தன் குடிகளையே கூலிகளாக விற்றுக் கருவூலத்தை நிரப்பிய இச்செயல், இந்தியக் கூலிகள் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர் நடந்தது. லியோனிடாஸ் கப்பலின் கதையைப் படிப்பவர் லோவோனியிலிருந்தே தொடங்க வேண்டும்.

அரசு கடனில் மூழ்கிற்று. தோட்டத்துரைமார் வரி கொடுக்க மறுத்தனர். அமெரிக்கப் போர் முடிந்து பருத்தி விலையும் சரிந்தது. இறுதியில் தக்கோம்பாவ் நாட்டை பிரிட்டனிடம் ஒப்படைக்க இசைந்தார். ஊருக்குத் தெற்கே, நடந்து செல்லும் தொலைவில், நசோவா என்ற இடம் இருக்கிறது. 1874-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், தக்கோம்பாவும் மாஅஃபு முதலிய மற்றத் தலைவர் பன்னிருவரும் அங்கே ஒப்படைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டனர். தக்கோம்பாவ் தம் போர்த்தண்டத்தை விக்டோரியா அரசியாருக்குக் காணிக்கையாக அனுப்பினார். அத்தண்டம் 1932-இல் பிஜிக்குத் திரும்பி வந்து, சட்டமன்றத்தின் செங்கோலாக வைக்கப்பட்டது. நசோவாவில் மூன்று கற்கள் நாட்டப்பட்டுள்ளன: ஒன்று ஒப்படைப்புக்கு, ஒன்று 1970-இல் இளவரசர் சார்லஸ் வந்து விடுதலை வழங்கியதற்கு, மற்றொன்று 1974-இல் நிகழ்ந்த நூற்றாண்டு நினைவுக்கு. நாட்டை அளித்ததற்கும் திரும்பப் பெற்றதற்கும் ஒரே புல்வெளியில் கல் நாட்டியிருப்பது காண்போரைச் சற்று நிற்க வைக்கும்.

அன்று பிரிட்டனுக்காகக் கையெழுத்திட்டவர் சர் ஹெர்குலிஸ் ராபின்சன். இவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இலங்கையின் கவர்னராக இருந்தவர். இவருடைய தம்பி வில்லியம் ராபின்சன் 1877 முதல் 1879 வரை நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர். பிஜியின் முதல் கவர்னராக 1875-இல் வந்த சர் ஆர்தர் கோர்டனும் பின்னாளில், 1883 முதல் 1890 வரை, இலங்கையை ஆண்டவரே. சிலரே பல நாடுகளை மாறி மாறி ஆண்ட காலம் அது. ஓரிடத்தில் கற்ற வித்தையை மற்றோரிடத்தில் செய்து பார்ப்பது அவர்களுக்கு இயல்பு.

கோர்டன் வருவதற்குள் பெருந்துயர் ஒன்று நிகழ்ந்துவிட்டது. தக்கோம்பாவும் அவர் மைந்தரும் சிட்னி நகருக்கு விருந்தாளிகளாகச் சென்று, 1875 ஜனவரியில் டைடோ என்ற போர்க்கப்பலில் லெவுக்கா திரும்பினர். அவர்களோடு தட்டம்மையும் கரையேறியது. அரசரைக் காணத் தீவுதோறுமிருந்து வந்து கூடிய தலைவர்கள் நோயைத் தத்தம் ஊருக்குக் கொண்டு சென்றனர். அந்நோயை முன்பின் அறியாத மக்களுள் ஏறத்தாழ 40,000 பேர் சில மாதங்களில் மாண்டனர். நான்கு பேரில் ஒருவருக்குக் குறையாமல் போனார்கள் எனலாம். அடக்கம் செய்வாரும் இல்லாத ஊர்கள் பல.

இந்நிலையில் பதவியேற்ற கோர்டன் ஒரு முடிவு செய்தார். பிஜியரைத் தோட்ட வேலைக்கு இழுத்தால் அந்த இனமே அழியும். அவர்கள் தம் ஊரில், தம் நிலத்தில், தம் தலைவர்களின் கீழ் வாழட்டும். நிலத்தை அவர்களிடமிருந்து எவரும் வாங்கக் கூடாது என்றார். அது பிஜியரைக் காத்த கொள்கை என்பதில் ஐயமில்லை. நாட்டு நிலத்தின் பெரும்பகுதி இன்றும் அவர்கள் கையில் இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் ஆட்சி நடத்தப் பணம் வேண்டும். பணத்துக்குத் தோட்டம் வேண்டும். தோட்டத்துக்கு ஆள் வேண்டும். கோர்டன் முன்னரே டிரினிடாட்டிலும் மொரிஷியசிலும் கவர்னராக இருந்தவர். அங்கே இந்தியக் கூலிகள் உழைப்பைக் கண்டவர். ஆகவே ஓர் இனத்தைக் காக்க எழுந்த வேலி, மற்றோர் இனத்தைக் கடல் கடந்து இழுத்து வரும் கயிறும் ஆயிற்று. இது கொடியவன் ஒருவன் திட்டமிட்டுச் செய்ததன்று. பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. அதனாலேயே இதனை ஆராய்வது கடினமாகிறது.

1879-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் லியோனிடாஸ் என்ற பாய்க்கப்பல் கல்கத்தாவிலிருந்து லெவுக்கா வந்து சேர்ந்தது. அதில் வந்தவர் 463 பேர். வழியிலேயே கப்பலில் காலராவும் பெரியம்மையும் பரவியிருந்தன. தட்டம்மையின் வடு ஆறாத லெவுக்கா திகில் கொண்டது. வந்தவர்களை ஊருக்குள் விடாமல், அருகிலுள்ள யனுதா லைலை என்ற சிறு தீவில் ஏற்றி, ஆகஸ்டு மாதம் வரை ஒதுக்கி வைத்தனர். நோய் அங்கும் சிலரைக் கொண்டு சென்றது. மீண்டு வந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளத் தோட்டத்துரைமார் முந்தவில்லை. பக்கத்துத் தீவினரைக் குறைந்த செலவில் பெறலாம் என்று அவர்கள் எண்ணினர். ஆகவே பலரை அரசே தன் வேலைகளில் அமர்த்தும்படி ஆயிற்று.

பினாங்குக்கு எதிரே உள்ள ஜெரஜாக் தீவின் பெயரைக் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் பாட்டனார் பலர் மலாயா மண்ணில் முதலில் மிதித்த இடம் அத்தகைய தடுப்புத் தீவுதான். வேறுபாடு ஒன்று உண்டு. மலாயாவிலிருந்து ஊர் திரும்ப ஒரு வாரக் கடல் போதும். பிஜியிலிருந்து திரும்புவதற்குப் பத்தாண்டு உழைத்தால்தான் அரசுச் செலவில் கப்பல் கிடைக்கும். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், அதுவும் அளந்து கொடுத்த வேலையை முடித்தால். ‘அக்ரிமெண்டு’ என்ற சொல் கூலிகளின் நாவில் ‘கிர்மித்’ ஆயிற்று. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது கப்பல் விதி. அந்த விதியால் லயங்களில் விளைந்த கேடுகளை 1916-இல் ஆண்ட்ரூசும் பியர்சனும் தம் அறிக்கையில் எழுதினர். அவ்வறிக்கை இந்தியாவெங்கும் எழுப்பிய சினமே ஒப்பந்த முறைக்கு முடிவு கட்டியது. 1879 முதல் 1916 வரை 42 கப்பல்கள் 87 முறை வந்து, 60,000-க்கு மேற்பட்டோரை இறக்கின. 1920 ஜனவரி முதல் நாளில் எஞ்சிய ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன.

லியோனிடாசில் வந்தவர்களிடையே தமிழரைத் தேடுவதில் பயனில்லை. அது கல்கத்தாக் கப்பல். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் 1903 முதலே சென்னைத் துறையிலிருந்து சென்றனர். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கினர் அவர்கள். அதற்குள் லெவுக்கா தலைமையை இழந்துவிட்டது. தடுப்பு நிலையமும் நுக்குலாவுக்கு மாறிவிட்டது. ஆம், அமெரிக்கத் தூதரின் வீடு எரிந்த அதே நுக்குலாவு. கால் நூற்றாண்டு பிந்தி வந்த தமிழர்க்கு முன்னரே வந்தவர்களின் இந்துஸ்தானியே வேலைத்தல மொழியாக இருந்தது. சர்தாரின் ஏச்சும் அம்மொழியில், கடைக்காரனின் கணக்கும் அம்மொழியில். தமிழ் லயத்துக்குள் ஒடுங்கியது. 1926-இல் சாது குப்புசாமி நாடி நகரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். சங்கம் பள்ளிகள் கட்டியது. தமிழும் தெலுங்கும் கற்பித்தது. இராமகிருஷ்ண மடத்துத் துறவியரின் துணையைப் பெற்றது. அப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. ஆயினும் தமிழர் வழிவந்த பெரும்பாலோரின் வீட்டு மொழி இன்று பிஜி இந்தி. கோயிலில் தமிழ் இருக்கிறது, தீமிதியிலும் காவடியிலும் இருக்கிறது, அடுக்களையில் இல்லை. கங்காணி முறையால் ஊர் ஊராக, உறவு உறவாக வந்து சேர்ந்த மலாயாத் தமிழர்க்கு இந்நிலை நேராமற்போனது நம் திறமையால் மட்டும் அன்று என்பதைத் தமிழாசிரியர் எண்ணிப் பார்க்கலாம்.

லெவுக்காவின் வீழ்ச்சியைப் பற்றிச் சில சொல். மலைக்கும் கடலுக்கும் இடையே ஊர் வளர இடமில்லை. 1882-இல் தலைநகர் சுவாவுக்கு மாறியது. 1888, 1905 ஆகிய ஆண்டுகளின் சூறாவளிகள் ஊரின் வடபகுதியை வாரிச் சென்றன. கொப்பரை வாணிகம் ஓர் அரை நூற்றாண்டு தாங்கி நின்றது. பிறகு அதுவும் சுவாவுக்குப் போயிற்று. ஏழ்மையால் விளைந்த நன்மை ஒன்று உண்டு: பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்ட எவரிடமும் பணம் இல்லை. அதனால் 2013-இல் யுனெஸ்கோ லெவுக்காவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, சேர்ப்பதற்கு ஒரு நகரம் மிஞ்சியிருந்தது. பிஜியிலிருந்து அப்பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுவே. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் சூறாவளி பல கூரைகளைப் பிய்த்தெறிந்தது; செப்பனிடும் வேலை பல்லாண்டு நடந்தது.

தெருவில் நடந்து செல்பவர் ஒரு முற்பகலில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மாரிஸ் ஹெட்ஸ்டிராம் வாணிகக் கூடத்தின் பழைய கட்டடத்தில் இன்று நூலகமும் சிறு அருங்காட்சியகமும் உள்ளன. முதலில் அங்கே நுழைவது நல்லது. 1858-இல் தொடங்கிய கத்தோலிக்கச் சபையின் திருஇருதயக் கோயிலில் மணிக்கூண்டு இருக்கிறது. அதன் கடிகாரம் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு மணியையும் இருமுறை அடிப்பது வழக்கம். முதல்முறை எண்ணத் தவறியவர்க்காக இரண்டாம் முறை போலும்! அதன் உச்சியிலுள்ள விளக்குச் சிலுவை கப்பல்களுக்கு வழிகாட்டும். 1860-களில் தோன்றிய ராயல் விடுதியின் மரத்தாழ்வாரங்கள் அந்நாளைய கப்பல் தலைவர்களை நினைவூட்டும். மலைச்சரிவில் 199 படிகள் உள்ளன. ஏறியவர் கோரோ கடலையும் அதன் தீவுகளையும் காணலாம். ஊருக்கு வடக்கே துப்பாக்கிப் பாறை என்று ஒன்று இருக்கிறது. நாட்டுத் தலைவர்கள் கண்டு அஞ்சவேண்டும் என்று போர்க்கப்பல்கள் குண்டு வீசிக் காட்டிய இலக்கு அது.

தொதோகா ஓடைக்கரையில் உள்ள லெவுக்காப் பொதுப்பள்ளி, ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய இடம். அது 1879-இல் தோன்றியது. பிஜியின் முதல் அரசுசார் பொதுப்பள்ளி. ஆண்டைக் கவனிக்க வேண்டும். 463 பேர் தடுப்புத் தீவில் காத்திருந்த அதே ஆண்டு. பள்ளி எழுந்தது வெள்ளையர் குழந்தைகளுக்காக. தீவிலிருந்தவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் அன்று எழவில்லை. தோட்டங்களில் அவ்வெண்ணம் செயலாக இன்னும் பல்லாண்டுகள் ஆயின. பின்னர் எல்லா இனத்தாரும் அதே வகுப்பறைகளில் அமர்ந்தனர். நாட்டின் தலைவர்கள் பலர் அங்கே பயின்றவர்கள்.

ஓடைக்கு அருகே கூரையற்ற கல்சுவர்கள் நிற்கின்றன. அது மேசானியர் சங்கக் கட்டடம். 2000-ஆம் ஆண்டு சுவாவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த குழப்பத்தில் லோவோனியிலிருந்து வந்த கூட்டத்தார் அதற்குத் தீயிட்டனர். உள்ளே பேய்வழிபாடு நடக்கிறது என்ற வதந்தி அவர்களிடையே நெடுநாளாக உலவி வந்ததாம். 1841-இல் இறங்கி வந்த தீ மறுபடியும் இறங்கி வந்தது என்று சொல்லத் தோன்றும். 1871-இன் கணக்கு லோவோனியர் நெஞ்சில் இன்னும் தீரவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

தெருவின் தென்கோடியில் மீன் மணம் வீசும். 1964-இல் தொடங்கிய சூரைமீன் தொழிற்சாலையே ஊரைப் பசியிலிருந்து காத்தது. வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் சங்கு ஊதியதும் வெள்ளை உடையும் தலைமூடியும் அணிந்து அவர்கள் செல்லும் வரிசை, தோட்டத்துப் பெரட்டைக் கண்டு பழகியவர்க்கு மிகவும் நெருக்கமான காட்சி.

இரண்டு நாள் தங்குபவர் லோவோனிக்குச் செல்லலாம். லெவுக்காவிலிருந்து காட்டு வழியே மலையேறிச் சென்றால், எரிமலை வாயின் விளிம்பிலிருந்து பசிய பள்ளத்தாக்கும் அதன் நடுவே ஊரும் தெரியும். ஊர்த்தலைவர்க்கு யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு செல்வது முறை. தலையில் தொப்பியோடு ஊருக்குள் நுழைவது மரியாதை ஆகாது. 1952 முதல் 1956 வரை மலாயாவின் அவசரகாலத்தில் ஜொகூர்க் காடுகளில் பணியாற்றிய பிஜிப் படைப்பிரிவின் நினைவு அத்தீவுகளில் இன்னும் மங்கவில்லை. பத்து பகாட் என்ற ஊரின் பெயர் அங்கே பலர்க்குத் தெரியும். மலேசியாவிலிருந்து வருகிறேன் என்று சொல்பவர்க்குப் பேச்சுத் தொடங்க அது போதும்.

யனுதா லைலைக்குப் படகில் செல்ல வேண்டும். பார்ப்பதற்கு அங்கே மணலும் தென்னையும் பாறையுமே உண்டு. 1987-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், லியோனிடாஸ் வந்து சரியாக நூற்றெட்டு ஆண்டுகள் நிறைந்த அன்று, இந்தியர் ஆதரவோடு அமைந்த பவாத்ரா ஆட்சியை சித்திவேனி ரபுகா படைபலத்தால் கவிழ்த்தார். அதன்பின் இந்திய வம்சத்தார் பல்லாயிரவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று மறுபடியும் கப்பலேறினர், இம்முறை விமானம். ஒரு காலத்தில் மக்களில் பாதியாக இருந்தவர்கள் 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 37.5 விழுக்காடு ஆயினர். 2023-ஆம் ஆண்டு அதே மே 14-ஆம் நாள், அப்போது பிரதமராக இருந்த அதே ரபுகா, சுவாவில் கூடிய மக்கள் முன் எழுந்து நின்று தம் செயலுக்கு மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு முதல் கிர்மித் நாள் பிஜியில் பொது விடுமுறை.